இருபத்தோராவது செங்கல்

வெயிலுகந்தபுரத்துக்காரர்கள் வெயிலைக் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை, அது அவர்களோடு கூடப் பிறந்தது, ஆடிக் காற்றிலும் போகாது, ஐப்பசி அடைமழையிலும் அரைநாள் லீவுதான் எடுக்கும், காலையில் சுவரில் தட்டிய வறட்டி மத்தியானத்துக்குள் காய்ந்து தானாகவே கீழே விழும், அப்பேர்ப்பட்ட ஊரில்தான் ஆவுடைத்தாயின் இடதுகால் சுண்டுவிரல் மட்டும் முப்பத்து மூன்று வருஷமாகக் குளிர்ந்து கிடந்தது. அக்கினி நட்சத்திரத்தில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் ஒன்பது விரல் ‘ஐயோ’ என்று துள்ளும், பத்தாவது விரல் அதுபாட்டுக்குச் சும்மா வரும். வாதம் என்றார்கள், நரம்பு என்றார்கள். மருமகள் வந்த பிறகு தினமும் மத்தியானம் அந்த விரலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துவிடுவது மருமகள் வேலையாயிற்று.

ஆவுடைத்தாய் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டும் கை, முந்நூறு பேரையும் ஒரே அதட்டில் வரிசையில் நிறுத்தும் வாய். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று அவளைப் பற்றி ஊரில் சொல்வார்கள், உண்மைதான், எல்லாவற்றையும் அடுத்தவர் மனசில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். மகன் வெள்ளைப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறான், தங்கமான பையன், ஆனால் அம்மா எதிரில் அவன் வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டும்தான். மருமகள் குழல்மொழி தென்காசிப் பக்கம், சாரலில் வளர்ந்த பெண். கல்யாணமாகி வந்த அன்று சீர்ப்பாத்திரங்களை வேனில் ஏற்றிவிட்டு, ஒரு ஒட்டு மாங்கன்றை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கன்றைத்தான் வீட்டுப் பின்கட்டுத் தோட்டத்தின் நட்டநடுவில் வைத்தார்கள். அதைச் சுற்றி முருங்கை, கறிவேப்பிலை, ரெண்டு வாழை, ஒரு பப்பாளி, அவரைப்பந்தல், செம்பருத்தி, ஓரத்தில் கிணறு. மழைக்காலத்தில் பெண்டாட்டி சகதியில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று வெள்ளைப்பாண்டி பின்வாசல் படியிலிருந்து மாமரம் வரைக்கும் ஒரே வரிசையாகச் செங்கல் பதித்துக் கொடுத்தான், மொத்தம் இருபத்தொரு செங்கல். ஒட்டு மா மூன்றாம் வருஷம் காய்க்கும் என்பார்கள். இது ஆறாம் வருஷம். மாமரமும் காய்க்கவில்லை, மருமகளுக்கும் மசக்கை வரவில்லை.

காய்க்காத மரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் மரத்தடிக்குப் போக வேண்டும். ஒருத்தி கையில் அருவாள். அவள் மரத்தைச் சுற்றி வந்து, “காய்க்கியா, வெட்டட்டுமா?” என்று கேட்டுப் பட்டையில் லேசாக ஒரு கொத்துக் கொத்துவாள். உடனே மற்றவள் ஓடிவந்து குறுக்கே விழுந்து, “விட்ருங்க தாயி, வெட்டாதிய, அடுத்த வருசம் கட்டாயம் காய்க்கும், நான் பொறுப்பு” என்று பிணை சொல்வாள். அவ்வளவுதான், ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். மிரட்ட ஒரு ஆள், பிணைக்கு ஒரு ஆள். ஒற்றை ஆளாக யாரும் மரத்தை மிரட்டப் போனதில்லை, ஏன் போகக் கூடாது என்று யாரும் கேட்டதுமில்லை. மூன்று வருஷமாக ஆவுடைத்தாய் அருவாளைப் பிடித்தாள், குழல்மொழி பிணை சொன்னாள்.

இந்த வருஷம் அதே வெள்ளிக்கிழமை காலையில் ஆவுடைத்தாயின் நாத்தனார் வீட்டில் வளைகாப்பு. குழல்மொழி ஆசையாக வளையல் தட்டைத் தூக்கப் போனாள். நாத்தனார் சிரித்த முகத்தோடு தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ எதுக்கும்மா சிரமப்பட்டுக்கிட்டு, போய்ப் பந்தியப் பாரு” என்றாள். அப்புறம் ஆவுடைத்தாயைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போய், “இன்னும் எத்தன வருசம் பாப்பிய மதினி? என் கொழுந்தன் மக ஒருத்தி இருக்கா, லட்சணமான புள்ள, ஒங்க காதுல போட்டு வைக்கேன்” என்றாள். ஆவுடைத்தாய் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வெயிலில் ஒரு மைல் நடந்து வந்தாள், வீட்டுக்கு வந்ததும் வெற்றிலைகூடப் போடாமல் நேரே அருவாளைத் தேடினாள்.

குழல்மொழி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் மரத்தைச் சுற்றவில்லை, நேரே போய் நின்றாள்.

“ஆறு வருசமாத் தண்ணியக் குடிச்சு எருவத் தின்னு மதமதன்னு வளந்து நிக்கியே, எதுக்குட்டி நீ? காய்க்காத மரம் என் வீட்டுக்கு எதுக்குங்கேன்? இந்த வருசத்தோட ஒன்ன வேரோட வெட்டிப் போட்டுட்டு வேற கன்னு வச்சுக்கிடுதேன் பாரு!”

போட்ட போட்டில் அருவாள் அரை விரல் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. இறங்கினதைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. பிணைச் சொல் வரட்டும் என்று நின்றாள். குழல்மொழி மாமியார் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், கயிற்றை விட்டாள், வாளி கிணற்றுக்குள் தொபீரென்று விழுந்தது, அவள் இருபத்தொரு செங்கலையும் மிதித்து வீட்டுக்குள் போய்விட்டாள். “வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்கா” என்று முணுமுணுத்துக்கொண்டே ஆவுடைத்தாய் அருவாளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

மறுநாள் காலையில் மாமரத்தில் ஒரு இலை சிவந்திருந்தது. அதற்கு மறுநாள் ஒரு கொப்பு. ஒரு வாரத்தில் மரம் முழுக்கக் குங்குமம் கொட்டினதுபோல் ஆகி, அது வேலிவரைக்கும் பரவி, கறிவேப்பிலை மஞ்சளாகி, வாழை இலை செம்பு நிறமாகி, முருங்கை பொன்னாகி, அவரைப்பந்தல் வத்தல் மிளகாய்ச் சிவப்பாகி, வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வேம்பு மட்டும் எப்போதும்போலப் பச்சையாக நின்றது. பூச்சிமருந்துக் கடைக்காரர் வந்தார், ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். “நோயில்ல. இது சீசன்” என்றார். “என்ன சீசன்?” “நமக்கு வராத சீசன்.” ஊருக்கு அது போதுமாயிருந்தது. சீசன் என்றால் வரும் போகும், அதுக்கென்ன இப்போ.

பிறகு ஊர் அந்தத் தோட்டத்தைத் தன் பழக்கவழக்கத்துக்குள் கொண்டுவந்தது. புதுக்கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தார்கள், கோயில் பூசாரி சிவப்பு மாவிலைத் தோரணம் கேட்டார், ஜவுளிக்கடைக்காரர் ஒரு இலையை டவுனுக்குக் கொண்டுபோய் அந்த நிறத்திலேயே சேலை வரவழைத்து ‘ஆவுடைச் சிவப்பு’ என்று பெயர் வைத்தார், மஞ்சள் கறிவேப்பிலையைத் தாளித்தால் மணம் கூடுதலா குறைச்சலா என்று டீக்கடையில் ரெண்டு கட்சி உண்டாகி ஒரு பெஞ்சு உடைந்தது. ஆவுடைத்தாய் பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “செருப்பக் கழத்திட்டு வாங்க, கொப்ப ஒடிச்சிய கைய ஒடிச்சிருவேன்” என்று அதிகாரம் பண்ணினாள், அத்தனை பெருமை அவளுக்கு. அந்தக் கூட்டத்திலும் கும்மாளத்திலும் குழல்மொழி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் காலையில் எழுந்து உதிர்ந்த இலையைப் பெருக்குவாள், மத்தியானம் மாமியார் விரலுக்கு எண்ணெய் தேய்ப்பாள், கேட்டதற்கு ‘ம்’ என்பாள்.

ஐப்பசி கடைசி நாள் முற்பகலில், பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, காற்றே இல்லாமல் எல்லா இலையும் ஒருசேர உதிர்ந்தது. பார்க்க வந்தவர்கள் முழங்காலளவு இலைக்குள் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை மரமும் குச்சி குச்சியாக, ஒளிய இடமில்லாமல் நின்றது. பச்சையில்லாத மரத்தை அந்த ஊர் பட்டுப்போன மரமாகத்தான் பார்த்திருக்கிறது. எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள், கார்த்திகை ஒன்றாம் தேதி விடிந்ததும் குழல்மொழி கிணற்றில் வாளியை விட்டாள். ‘டங்’ என்றது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் கெட்டியாக, கண்ணாடியாக, அசையாமல் கிடந்தது. மாமரம் அடி முதல் நுனி வரை ஐஸ், வாழைத்தண்டு ஐஸ், பந்தல் கம்பில் பல்வரிசையாக ஐஸ், கொடியில் கிடந்த வெள்ளைப்பாண்டியின் கைலி பலகையாக விறைத்துவிட்டதால் அதை எடுத்துச் சுவரில் சாத்தி வைத்தார்கள். வேலிக்கு வெளியே அதே வெயில், அதே புழுதி.

முதலில் வந்தவள் மீன்காரி மிக்கேலம்மாள். கூடையை இறக்கி வைத்தாள், வேலிக்குள் கையை விட்டு ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்தாள். “நல்ல ஐஸுதான் அக்கா” என்று சொல்லிவிட்டு நாலு கைப்பிடி அள்ளிச் சாளை மீன்மேல் போட்டுக்கொண்டு போனாள். அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் ஊர் வந்துவிட்டது. சர்பத் கடைக்காரர் அண்டாவோடு வந்தார், கல்யாண வீட்டுக்காரர்கள் பால் கேனை இறக்கிவிட்டுப் போனார்கள், பூக்காரிகள் மல்லிகைப் பந்தை வாழைத்தண்டில் ஒட்டி வைத்தார்கள், காய்ச்சல் பிள்ளைகளைத் தாய்மார்கள் வேலியோரம் தூக்கிக்கொண்டு நின்றார்கள், டெய்லர் பழைய கம்பளியில் சட்டை தைத்துத் தொங்கவிட்டார், அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய் அஞ்சு நிமிஷம் பல்லடித்துவிட்டு வெளியே வந்து, “யப்பா, வெயிலு என்னா சொகம்” என்பது வெயிலுகந்தபுரத்து ஆண்பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காயிற்று. பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையா ஒரு அட்டையில் நேரம் எழுதி வேலியில் கட்டினார்: மீன் காலை ஆறு முதல் எட்டு, பால் எட்டு முதல் ஒன்பது, காய்ச்சல் எந்நேரமும். ஏன் ஐஸ் வந்தது என்று கேட்டவர்களைவிட எப்போது தீரும் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

ஐஸ் தீரவில்லை. நடந்தது. தினம் விடியும்போது மரத்தடியிலிருந்து ஒரு செங்கல் கூடுதலாக வெளுத்திருக்கும். முதல் நாள் ஒன்று, மறுநாள் ரெண்டு, வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

ஏழாவது செங்கல் வெளுத்த அன்று காலை ஆவுடைத்தாய் பின்வாசலுக்கு வந்தபோது, குழல்மொழி படியில் காப்பித் தம்ளரைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். “ஆறிப்போற வரைக்கும் என்னட்டி யோசன?” என்று தம்ளரைப் பிடுங்கினாள். கவிழ்த்தும் காப்பி விழவில்லை. குனிந்து மருமகள் பாதத்தைத் தொட்டாள், தொட்ட கையை எடுக்க மறந்துபோனாள்.

அவளுக்கு அந்தக் குளிரைத் தெரியும். முப்பத்து மூன்று வருஷமாகத் தன் சுண்டுவிரலில் வைத்துக்கொண்டு நடக்கிறாளே, தெரியாமல் இருக்குமா. அது வாதக்குளிர் இல்லை. அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம், இதே தோட்டத்தில் பழைய முருங்கை ஒன்று காய்க்காமல் நின்றது, அவள் மாமியார் பெத்தநாச்சி அதில் விளக்குமாற்றையும் பிய்ந்த செருப்பையும் கட்டித் தொங்கவிட்டு, அருவாளை ஓங்கிக்கொண்டு மரத்தைப் பார்க்காமல் இவளைப் பார்த்து, ‘காய்க்காத மரம் என் வீட்டுக்கு எதுக்கு’ என்று சொன்னாள். பிணை சொல்ல அன்றைக்கும் ஆளில்லை, இவள் புருஷன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிடித்தது விரலில் குளிர். மறு வருஷம் வெள்ளைப்பாண்டி பிறந்தான். அருவாள் பலித்துவிட்டது என்று ஊர் சொன்னது, அடியாத மாடு படியாது, அதட்டாத மரம் காய்க்காது என்று இவளும் அப்படியே நம்பிவிட்டாள், விரலை மறந்துவிட்டாள்.

“எது வரைக்கும்ட்டி மரத்துருக்கு?”

“கணுக்கால் வரைக்கும்” என்றாள் குழல்மொழி. ரெண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

வெள்ளைப்பாண்டியும் ஆவுடைத்தாயும் அவளை ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா நல்ல மனுஷி, மூன்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், மூன்றிலும் பாதரசம் ஏறாமல் அடியிலேயே நின்றது. மாத்திரை எழுதிக் கொடுத்து, “வீட்டுல ஏதும் பிரச்சினையாம்மா?” என்று கேட்டார். ஆவுடைத்தாய் மருந்துச் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தாய்வீட்டுக்குக் கொண்டுபோய் விடலாம் என்று ஆட்டோ ஊர் எல்லையைத் தாண்டினால் குளிர் ஒரு பிடி மேலே ஏறியது, திரும்பினால் நின்றது, அதனால் திரும்பினார்கள். பத்தாவது செங்கலில் முட்டுக்குக் கீழே, பன்னிரண்டாவதில் முட்டு. ஆவுடைத்தாய் படியில் உட்கார்ந்து செங்கலை எண்ணினாள், மருமகள் உடம்பை எண்ணினாள், மறுபடி செங்கலை எண்ணினாள். எப்படி எண்ணினாலும் இருபத்தோராவது செங்கல் நெஞ்சுக்குத்தான் வந்து நின்றது.

கரி அடுப்பு மூட்டினாள், சுக்குக் காப்பி போட்டாள், மிளகு ரசம் வைத்தாள், ஊரிலுள்ள கம்பளியையெல்லாம் வாங்கிப் போர்த்தினாள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. பிணை இல்லாமல் மிரட்டினேன் என்று ஊரில் ஒருத்தரிடம்கூட மூச்சு விடவில்லை. பதினாலாவது செங்கல் அன்று மனசு கேட்காமல் மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஏ தாயி, நான் அன்னைக்கு மரத்தத்தான் சொன்னேன், ஒன்னச் சொல்லல” என்றாள். பின்வாசலில் படாரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பட்டப்பகலில் பதினைந்தும் பதினாறும் சேர்ந்து வெளுத்துக் கிடந்தன. பொய்க்கு ரெண்டு செங்கல். அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

பதினெட்டாவது செங்கல் அன்று அடுத்த வீட்டு வேம்பில் ஒரு இலை சிவந்தது. அன்றைக்குத்தான் ஊருக்குப் பயம் வந்தது. வந்ததும் கொம்பையா கூட்டம் போட்டார். “மரம்தான் மூலம். வெட்டிருவோம். வெள்ளிக்கிழம மத்தியானம், உச்சி வெயில்ல. வீட்டு ஆம்பள கையால.” மிக்கேலம்மாள் மட்டும், “நல்ல ஐஸ இப்பிடிப் பாழாக்கப் போறியளே” என்று சண்டைக்குப் போனாள். குழல்மொழியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினார்கள். உள்ளே போனவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “என் மீன் நாறுனா நாறிட்டுப் போகுது, வெட்டுங்கப்பா” என்றாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. முந்நூறு பேருக்கு மேல் வேலியைச் சுற்றி நின்றார்கள், அவர்கள் தலையில் வெயில், எதிரில் ஐஸ். இருபது செங்கல் வெளுத்திருந்தது. இடுப்புக்கு மேலே குளிர் ஏறி நடக்க முடியாமல் போன குழல்மொழியை நாற்காலியோடு தூக்கிப் பின்வாசல் படியில் வைத்திருந்தார்கள், மரம் விழுந்த நிமிஷம் அவளுக்குச் சரியாகிவிடும் என்று கொம்பையா சொல்லியிருந்தார். அவள் உதடு நாவல்பழம் தின்றவள் உதடுமாதிரி இருந்தது. கண் மட்டும் மரத்தைவிட்டு நகரவில்லை, அது அவள் மடியில் வந்த மரம்.

வெட்டப்போகிற மரமானாலும் கேட்காமல் வெட்டக் கூடாது. வெள்ளைப்பாண்டி அருவாளோடு மரத்தைச் சுற்றி வந்தான். “காய்க்கியா… வெட்டட்டுமா?” என்றான். பாதிக் குரல்தான் வந்தது. அம்மா போட்ட பழைய வெட்டு மட்டும் ஐஸ் பிடிக்காமல் ஈரமாக, பச்சையாகத் திறந்து கிடந்ததைப் பார்த்தான், அதன்மேலேயே லேசாக ஒரு கொத்துக் கொத்திவிட்டு வழக்கப்படி நின்றான். ஊர் முழுக்கக் குழல்மொழியைத் திரும்பிப் பார்த்தது, அவள்தானே பிணைக்காரி. அவள் வாய் திறக்கவில்லை. கொம்பையா, “சரி, வெட்டுப்பா” என்றார். அருவாள் மேலே போனது. படியோரத்தில் இருபத்தோராவது செங்கலின் ஒரு மூலை வெளுத்தது.

ஆவுடைத்தாய் ஓடினாள். காலம் முழுக்க அருவாள் பிடித்தே பழகியவளுக்குக் குறுக்கே விழத் தெரியவில்லை, ஐஸில் வழுக்கிக் குப்புற விழுந்து, மூக்கில் ரத்தத்தோடு தவழ்ந்துபோய் மரத்தைக் கட்டிப்பிடித்தாள். “விட்ருலே! வெட்டாத! அடுத்த வருசம் கட்டாயம் காய்க்கும், நான் பொறுப்பு!”

பிணைச் சொல்லை வழக்கம் பிசகாமல்தான் சொன்னாள். மரம் மடமடவென்று முறிகிறமாதிரி ஒரு சத்தம் போட்டது, செங்கல் பாதி வெளுத்துவிட்டது, குழல்மொழியின் கண் மூடிக்கொண்டது.

அப்போதுதான் ஆவுடைத்தாய்க்கு உறைத்தது. அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று சொல்லித்தானே மூன்று வருஷமாக இந்தப் பெண் தன் தலைக்குத் தானே பிணை கொடுத்திருக்கிறாள். இந்த வருஷத்து அருவாளை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தது தவிர அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது?

“காய்க்க வேண்டாம்!” என்று கத்தினாள். “காய்க்கவே வேண்டாம்! காய்க்காட்டியும் இது என் வீட்டு மரம், இதுக்கு இங்கதான் எடம். மொழி, நான் மரத்தச் சொல்லலட்டி, ஒன்னத்தான் சொன்னேன். பிணைக்கு ஆளில்லாமச் சொன்னேன். வேற கன்னு எவளும் இங்க வைக்கப் போறதில்ல. நீ பெத்தாலும் பெறாட்டியும் இது ஒன் வீடு, நான் பொறுப்பு. என் நாக்குல சூடு வைக்கணும், நான் பாவி!”

செங்கல் பாதியிலேயே நின்றது, மேலே ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. குழல்மொழியின் கண் திறந்தது, உதடு அசைந்தது. படிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் முதலில் கேட்டது.

“கேக்கல அத்தே. இன்னொரு தடவ சொல்லுங்க.”

முந்நூறு பிள்ளைகளை அதட்டுகிற குரல் அது, மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் எப்படி இருக்கும்? ஆவுடைத்தாய்க்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது. அப்புறம் மரத்தை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்துத் திரும்பி, இன்னொரு தடவை சொன்னாள், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நாத்தனார் கூட்டத்தில் நிற்பது தெரிந்தது, அவளுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள். மாமரத்து நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

“இன்னொரு தடவ அத்தே.”

மூன்றாம் தடவை சொல்லும்போது கத்தவில்லை, அழுகைதான் வந்தது, பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை வெள்ளைப்பாண்டி சொன்னான். அருவாளைக் கிணற்றோரம் வீசிவிட்டு, “எனக்கு மொழி போதும். வேற எதுவும் வேண்டாம். நான் எப்பவோ சொல்லியிருக்கணும்” என்றான். சோற்றுக்கல்லாமல் அம்மா எதிரில் அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

சொட்டு சொட்டாக விழுந்தது சரசரவென்று கொட்டத் தொடங்கி, பந்தல் கம்பிலிருந்து, வாழையிலிருந்து, கிணற்றுச் சுவரிலிருந்து வழிந்து, செங்கலெல்லாம் சிவப்பாகி, வேலியைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடியது. வெயிலுகந்தபுரத்துச் சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்றார்கள். குழல்மொழி கைப்பிடியைப் பிடித்து எழுந்து, ஒரு காலைக் கீழே வைத்துப் பார்த்து, “தண்ணி வீட்டுக்குள்ள போகுது அத்தே, தொடப்பத்த எடுங்க” என்றாள்.

தை மாதத்தில் எல்லாம் துளிர்த்தது. மாமரம் பூக்கவில்லை, காய்க்கவுமில்லை, தழைத்துப் பெரிய நிழலாக நின்றது. குழல்மொழிக்கும் ஒரு விசேஷமும் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது, “ஏதாச்சும் உண்டா?” என்று கேட்டால், “எங்க வீட்டுல நெழலு உண்டு, வந்து ஒக்காந்துட்டுப் போ” என்று ஆவுடைத்தாய் வாயை அடைத்துவிடுவாள், கேட்டவளும் எதற்கும் இருக்கட்டும் என்று தன் காலடியை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். ஊரில் புதுசாக ஒரு பழக்கமும் வந்துவிட்டது. மாமியாரிடமோ புருஷனிடமோ சொல் பட்ட பெண்கள் சொன்ன ஆளைக் கையோடு இழுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்கு வருவார்கள். சொல்ல வேண்டியதை மூன்று தடவை சொல்ல வேண்டும். “கேக்கல, இன்னொரு தடவ” என்று பெண்கள் கேட்கும் சத்தம் வாரத்தில் ரெண்டு நாளாவது கேட்கும். சிலருக்கு ஏழெட்டுத் தடவைகூட ஆகும்.

சித்திரை பிறந்து, வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு மத்தியானம், குழல்மொழி மரத்தடியில் உட்கார்ந்து மாமியார் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். “இந்த வெரலு எப்பலேர்ந்து அத்தே இப்பிடி?” என்று கேட்டாள். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், வாதம் என்றுதான் பதில் வரும். இன்றைக்கு ஆவுடைத்தாய் பெத்தநாச்சியைச் சொன்னாள், முருங்கையைச் சொன்னாள், விளக்குமாற்றைச் சொன்னாள், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனையும் சொன்னாள்.

குழல்மொழி எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்.

“அவுக பெறக்காட்டியும் இது ஒங்க வீடுதான் அத்தே. ஒங்களுக்கு இங்கதான் எடம். நான் பொறுப்பு.”

ஆவுடைத்தாய் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்ன? கேக்கல. இன்னொரு தடவ சொல்லுட்டி.”

குழல்மொழி சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்காமலே சொன்னாள்.

ஆவுடைத்தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து, உலை வைக்க நேரமாயிற்று என்று வெறுங்காலோடு செங்கல் வழியாக வீட்டைப் பார்த்து நடந்தாள். நிழல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் இடதுகாலை வைத்தாள். பத்து விரலும் ஒன்றாகத் துள்ளின.

“ஏ யம்மா, சுடுதே!”

“நெழலுக்கு வாங்க அத்தே, காலு பொத்துப்போகும்!” என்று பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள் குழல்மொழி.

ஆவுடைத்தாய் வரவில்லை. காலை எடுக்காமல், அந்தச் செங்கல் மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.